கிராமப் போஸ்டிங்: கேட்டார்கள், சொன்னேன்

பண்ருட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்பது வருடமாக டாக்டராக இருக்கிறேன். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் வரப்போகிறவர்களும் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குடும்பத் தத்தெடுப்புக்காக (மருத்துவ மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம்) வீடு வீடாகப் போகிறோம் அக்கா. பாதி வீட்டில் "அப்புறம் வாம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது? (முதலாம் ஆண்டு மாணவி, புதுச்சேரி)

நீங்கள் போகும் நேரம் தப்பு. காலை பத்து மணிக்கு நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போனவர்களை எங்கே பிடிப்பது? நாலு மணிக்கு மேல் போங்கள். முதல் தடவை கிராம சுகாதார நர்ஸ் அக்காவோடு போங்கள், அந்தத் தெருவில் அவருக்குத் திறக்காத கதவு இல்லை. படிவத்தை உடனே விரிக்காதீர்கள். "மாத்திரைப் பையைக் கொஞ்சம் காட்டுங்க பாட்டி" என்று கேளுங்கள்.

ஒரு பாட்டியின் மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தோம். சுகர் மாத்திரை எல்லாம் பாதி பாதியாக உடைத்து வைத்திருந்தது. ஏன் என்றால், "ராத்திரி கஞ்சிதான, அதுக்கு எதுக்கு முழு மாத்திரை?" என்கிறார். ஓ.பி.யில் மூன்று மாதமாக நான் டோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தேன். 2021-22 பேட்ச் முதல் இந்தத் தத்தெடுப்பைப் பாடத்திட்டத்தில் வைத்தது இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

பாம்புக்கடி வந்தால் பயமாக இருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியுமா சார்? (ஹவுஸ் சர்ஜன், கடலூர்)

சார் இல்லை தம்பி, மேடம். பாம்பைப் பார்த்தவர்கள் பிரச்சனை இல்லை, கடித்ததே தெரியாமல் வருகிறவர்கள்தான் பிரச்சனை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடியற்காலை ஒருவர் வயிற்று வலி என்று வந்தார். வாயுத் தொல்லை என்று நினைத்து ஊசி போட்டு உட்கார வைத்தேன். அரை மணி கழித்து ஸ்டாஃப் நர்ஸ்தான், "மேடம், இவருக்குக் கண்ணு சொக்குது பாருங்க" என்றார். தூக்கம் இல்லை, இமையைத் தூக்க முடியவில்லை. ராத்திரி தரையில் படுத்திருந்தாராம். கட்டுவிரியன். பல் பட்ட இடம் தேடினாலும் தெரியாது, வலியும் இருக்காது. விஷமுறிவு மருந்தை ஏற்றி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையோடு 108-இல் அனுப்பினோம். பிழைத்துவிட்டார், என் சாமர்த்தியத்தால் அல்ல. அன்றிலிருந்து விடியற்காலை வயிற்று வலி வந்தால் என் முதல் கேள்வி, "ராத்திரி எங்க படுத்தீங்க?"

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்றால் ரத்தம் உறையாது. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் கூடாது, முடிவு பொய்யாகிவிடும்.

மழைக்காலக் காய்ச்சலில் எதை மறக்கக் கூடாது?

ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் பூச்சிக் குஞ்சு கடித்து வருவது, நம் பக்கம் சாதாரணம். கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், பாவாடை நாடா கட்டும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும், ஒரு நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளினில் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். பார்க்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போகும்.

என் மகனுக்கு ஜிப்மரில் இடம். ராமநாதபுரத்துக்குப் போஸ்டிங் அனுப்புவார்களாமே, அவ்வளவு தூரமா? (ஒரு அப்பா)

ஐயா, அது சேதுபதி ராமநாதபுரம் இல்லை, புதுச்சேரிக்குள்ளேயே இருக்கும் கிராமம். நிம்மதியாக இருங்கள்.

நான் சென்னைப் பையன். இவர்கள் பேசும் தமிழே சில சமயம் புரியவில்லை.

"முழுகாம இருக்கா" என்றால் கர்ப்பம். "தலைக்குத் தண்ணி ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சு" என்றால் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது. இதைத் தெரியாமல் ஒரு பையன், "ஏன் ரெண்டு மாசமா குளிக்கல?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். புரியாவிட்டால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

முந்திரி உடைக்கும் பெண்களின் கைப்புண்ணுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

கிரீம் எழுதலாம், மறுநாளும் அதே கொட்டையைத்தான் உடைக்கப் போகிறார்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும், விரல் நுனியில் ரேகையே தேய்ந்திருக்கும். உறை போட்டுக்கொள் என்றேன். "உறை போட்டா கை ஓடாதுங்க, கிலோவுக்குத்தான கூலி" என்றார் ஒருவர். எனக்குப் பதில் இல்லை. எண்ணெய் தடவிக்கொண்டு உடைக்கச் சொல்கிறேன், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

கிராமத்துக்கு வந்தால் மேற்படிப்பு போய்விடுமா?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாநிலங்கள் அப்படிக் கொடுக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. படிக்க நேரம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. எனக்கு ஓ.பி. முடிய இரண்டு மணி ஆகும், அதற்கு மேல்தான் புத்தகம்.