பெட்ரோல் கார் இன்ஜினில் மிஸ்ஸிங்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான்: பிளக் மாற்றினோம், காயில் மாற்றினோம், பணம் போனது, மிஸ்ஸிங் போகவில்லை. மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் விட்டுப்போய் இன்ஜின் குலுங்குவது; அதைத்தான் சிலிண்டர் அடிக்கவில்லை என்கிறோம். பற்றவைக்கும் ஸ்பார்க்கைத் தருவது பிளக், அதற்கு வோல்டேஜ் கொடுப்பது காயில். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை, எப்போது அடிக்கவில்லை என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் பாகத்தில் கை வைக்க வேண்டும். என் பதில்கள் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கும்.

ஓசூரிலிருந்து: அண்ணா, 2015 பெட்ரோல் ஹேட்ச்பேக், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மேட்டுல ஆக்சிலேட்டர் மிதிச்சா வண்டி குலுங்குது, செக் இன்ஜின் லைட் மின்னி மின்னி எரியுது. பிளக் நாலும் புதுசு. அடுத்து பெட்ரோல் பம்ப் மாத்தணும்ங்கிறாங்க. மாத்திடவா?

வேண்டாம் தம்பி, பம்ப் இப்போதைக்கு இருக்கட்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும், அதில் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0301 முதல் பி0304 வரை எது வந்தாலும் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. பம்ப் பலவீனமானால் நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோல் குறையும். அதனால் பி0300 வரும், பெரும்பாலும் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்துவிட்டது என்று சொல்லும் பி0171-ம் கூடவே வரும். ஒரே சிலிண்டரில் மட்டும் தொல்லை என்றால் பம்பைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மேட்டில் மட்டும் வருவதற்குக் காரணம் உண்டு. லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் ஸ்பார்க் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். சமதளத்தில் சமாளித்த காயில் அங்கேதான் கைவிடும்.

அந்த லைட் மின்னுவதை அலட்சியம் செய்யாதீர்கள். நிலையாக எரிந்தால் கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கலாம். பிளக், காயில் செலவை விட அது பல மடங்கு. மெதுவாகப் பக்கத்து ஒர்க்ஷாப் வரை போங்கள், நெடுந்தூரம் போகவே கூடாது.

அவரே மறுபடியும்: பி0302 வந்துச்சு அண்ணா. இரண்டாவது காயிலை மூணாவதுல மாட்டினேன். அப்பவும் பி0302 தான்.

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். கோடு பி0303 ஆகியிருந்தால் காயில் போயிருக்கிறது என்று முடித்திருக்கலாம். நகரவில்லை, ஆகவே காயில் நல்லது. இனி பிளக்கையும் அதே மாதிரி நான்காவதற்கு மாற்றிப் பாருங்கள். புதுப் பிளக் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கேப், அதாவது பிளக் முனையின் இடைவெளி, மேனுவலில் சொன்ன அளவா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள், அலுமினிய ஹெட்டில் மரை போனால் அது தனி வேலை. பிளக்கும் இல்லையென்றால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், அதன் கனெக்டர், அப்புறம் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம்.

மதுரையிலிருந்து: சார், பிளக் குழிக்குள்ள இன்ஜின் ஆயில் நிக்குது. ரிங் போயிடுச்சு, இன்ஜின் பிரிக்கணும்னு மெக்கானிக் சொல்றார். பயமா இருக்கு.

பயப்படாதீர்கள் மேடம். ஆயில் பிளக்கின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். மேலே, வெள்ளைப் பீங்கான் பக்கம் நனைந்திருந்தால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட்டும் பிளக் குழாய் சீலும் கசிகின்றன. கேஸ்கெட் செட் மாற்றி, குழியைத் துடைத்து, காயில் ரப்பர் ஊறியிருந்தால் அதையும் மாற்றினால் போதும். கீழே, ஸ்பார்க் வரும் முனையே ஆயிலில் நனைந்திருந்தால்தான் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் பேச்சு. அப்போதும் கம்ப்ரெஷன் அளக்காமல் இன்ஜினைப் பிரிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கோவையிலிருந்து: சிக்னல்ல நின்னா மட்டும் ஆடுது. ஓட ஆரம்பிச்சா சரியாயிடுது.

இன்டேக் பக்கம் காற்று கசிகிறதா பாருங்கள். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது, இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவும் கலவையைக் கெடுக்கும். வேகம் கூடினால் அதே கசிவு தெரியாது. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு, பாருங்கள்: ஐடிலிங்கில் +20 சதவீதம், 2,500 ஆர்பிஎம்-ல் +5 என்று இறங்கினால் கசிவு ஏறக்குறைய உறுதி. இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் ட்ரிம் இப்படிக் காட்டாது, ஐடிலிங்தான் வழக்கத்துக்கு மேல் ஏறி நிற்கும். சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடித்துக் கசிவு தேடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தீப்பிடிக்கும். புகை செலுத்திக் கசிவு தேடும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, என்ர கார் ஜப்பான் 660 சிசி, மூண்டு சிலிண்டர். எஞ்சினைக் கழுவினாப் பிறகுதான் இந்த மிஸ்ஸிங். என்ன செய்யிறது?

பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும் தம்பி. காயில்களைக் கழற்றி, காற்றடித்துக் காயவைத்து மாட்டுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். தீரவில்லையென்றால் காயில் ரப்பரில் வெடிப்பு, கருங்கோடு இருக்கிறதா பாருங்கள். மூன்றில் ஒன்று அடிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், அப்படியே ஓட்டாதீர்கள்.

சென்னையிலிருந்து: சிஎன்ஜி-ல மட்டும் மிஸ் ஆகுது, பெட்ரோல்ல நல்லாருக்கு. கிட் போச்சா சார்?

கிட்டுக்கு முன் பிளக்கும் காயிலும். சிஎன்ஜி-ஐப் பற்றவைக்கப் பெட்ரோலை விட அதிக வோல்டேஜ் வேண்டும், தேய்ந்த பிளக் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பிறகு கேஸ் ஃபில்டர். நிறைய கிலோமீட்டர் சிஎன்ஜி-லேயே ஓடிய வண்டி என்றால் டேப்பட் கேப்பையும், அதாவது வால்வுக்கு மேல் விடும் இடைவெளியையும், அளந்துவிடுங்கள். வால்வ் சீட் தேய்ந்து கேப் குறைந்தால் வால்வ் முழுதாக மூடாது, இன்ஜின் சூடானதும் மிஸ்ஸிங் வரும்.

திருச்சியிலிருந்து: காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் மிஸ் ஆகி வெள்ளைப் புகை வருது. கூலன்ட்டும் அடிக்கடி குறையுது. வெளியே எங்கயும் ஒழுகல.

சார், உங்கள் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கலாம். ராத்திரியில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் அது ஆவியாகி வெளியேறும் வரைதான் அந்த ஒரு நிமிட மிஸ்ஸிங். ரேடியேட்டரில் எரிந்த வாயு இருக்கிறதா என்று பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், நீல திரவம் மஞ்சளானால் உறுதி. கம்ப்ரெஷனும் எடுங்கள். மற்றவை 170 பிஎஸ்ஐ காட்டி ஒன்று மட்டும் 110 என்றால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். அதுவரை தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்ட வேண்டாம். ஒரு தடவை ஓவர்ஹீட் ஆனாலே ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட்டோடு முடியும் செலவு இன்ஜின் வேலையாகிவிடும். இந்த வாரமே பாருங்கள்.