₹, °, ×, ௵: இவற்றைத் தட்டச்சு செய்ய ஆல்ட் எண்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

மனைப் பத்திரங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் தட்டச்சு செய்யும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ₹, °, ½, ×, ௵ (வருடம்) போன்ற குறிகளுக்கான ஆல்ட் எண் பட்டியலை, அதாவது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அடிக்கும் எண்களை, மனப்பாடம் செய்ய வேண்டுமா, செல்பேசியில் என்ன வழி என்பது உங்கள் கேள்வி.

மனப்பாடம் வேண்டாம். அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் கடைகள் ஏராளம். ஒட்டியவரைத் தவிர வேறு யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் டிடிபி வேலையில் இருப்பவன்தான். அன்றாடம் தேவைப்படும் குறிகள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அவற்றைக் கணினிக்கும் செல்பேசிக்கும் ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டால், பிறகு நாம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், திரையில் தெரியும் குறிக்குப் பின்னால் எந்த எண் சேமிக்கப்படுகிறது என்பது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ரூபாய்.

மத்திய அமைச்சரவை ₹ குறியை ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15 அன்று. உதயகுமார் வரைந்த வடிவம் அது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறிமுறை யூனிகோடு. அதே ஆண்டு அக்டோபரில் வந்த அதன் 6.0 பதிப்பில் அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. விண்டோஸில் மொழி அமைப்பு ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்று இருந்தால், வலப்பக்க ஆல்ட் விசையுடன் 4 அடித்தால் போதும், ₹ வந்துவிடும். பல கணினிகள் ‘ஆங்கிலம் (அமெரிக்கா)’ அமைப்புடனேயே கடைக்கு வருகின்றன. விசையின் மேல் ₹ அச்சிடப்பட்டிருந்தும் அடித்தால் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விசைப்பலகையைக் குறை சொல்லாமல் மொழி அமைப்பை மாற்றுங்கள்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் தேவைப்படும் குறிக்கு, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். திறக்கும் சிறு பலகையில் சிரிப்பு முகங்களுக்கு அப்பால் குறிகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மேக் கணினியில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

ஆல்ட் எண்களின் சங்கதி வேறு. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0176 அடித்தால் ° வரும். முன்னால் உள்ள சுழியத்தை விட்டுவிட்டு 176 என்று அடித்துப் பாருங்கள், ░ என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். சுழியம் இருந்தால் விண்டோஸின் 1252-ஆம் எண் குறிமுறைப் பட்டியலிலிருந்தும், இல்லாவிட்டால் பழைய ஐபிஎம் பிசி காலத்து 437-ஆம் எண் பட்டியலிலிருந்தும் எடுக்கும். இரண்டிலும் 256 இடங்கள்தான். ₹ குறிக்கான எண் 8377. வேர்டில் ஆல்ட் 8377 ஒழுங்காக ₹ தரும். பழைய நோட்பேடிலோ 8377-ஐ 256-ஆல் வகுத்து மிஞ்சும் 185-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ╣ என்று தரும். எண் பலகையே இல்லாத மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இந்த வித்தையால் பயனில்லை. ½ (0189), × (0215) இரண்டை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், பத்திர வேலைக்கு உதவும்.

வேர்டில் நிரந்தர வழி ஆட்டோகரெக்ட். ‘வவ’ என்று அடித்தால் ௵ ஆக மாற வேண்டும் என்று ஒருமுறை பதிந்துவிடுங்கள். முழுச் சொல்லாக வந்தால்தான் மாறும் என்பதால் வவ்வாலுக்கும் வவுனியாவுக்கும் ஆபத்தில்லை. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு வழியாகப் போனால் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் என்று இதே வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் தனிப்பட்ட அகராதியில் சொல்லையும் அதற்கான சுருக்கத்தையும் சேர்க்கலாம். அங்கே அது தானாக மாறாது, மேலே பரிந்துரையாக வரும், தொட்டுக்கொள்ள வேண்டும். செல்பேசியில் மற்றவை எளிது: பல விசைகளை அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பவை வெளியே வரும். ஐபோனில் 0-ஐப் பிடித்தால் °. ஜிபோர்டில் 1-ஐப் பிடித்தால் ½, ¼ முதலியவை. °, × இரண்டும் குறிகளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. டாலர் குறியைப் பிடித்தால் ₹ உட்பட மற்ற நாணயங்கள் வரும்.

இனி, எந்த எண் சேமிக்கப்படுகிறது என்ற விஷயம். நம் தொழிலில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கிலக் குறிகளின் இடத்தில் வாடகைக்குக் குடியிருப்பவை. பாமினியில் % இருக்கும் இடத்தில் மூ, $ இருக்கும் இடத்தில் கூ, & இருக்கும் இடத்தில் ரூ, காற்புள்ளி இருக்கும் இடத்தில் இ. அந்தக் கோப்பில் யாராவது ஆங்கில எழுத்துருவுக்கு மாறி 20% என்று அடித்திருப்பார். பிறகு மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்றும்போது அது ‘20மூ’ ஆகிவிடும். இணையத்தில் சில செய்திகளில் ‘கொழும்புஇ கண்டிஇ யாழ்ப்பாணம்’ என்று ஊர்களின் வாலில் இகரம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கோளாறுதான். மாற்றி முடித்ததும் ‘மூ’, ‘இ’ இரண்டையும் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

ரூபாய்க்கும் இது நடந்தது. 2010-இல், யூனிகோடில் இடம் கிடைக்கும் முன்பே, டேப் விசைக்கு மேலே உள்ள ` குறியின் இடத்தில் ₹ வடிவத்தை வைத்து இலவச எழுத்துரு ஒன்று வந்து வேகமாகப் பரவியது. அப்படித் தயாரித்த பிடிஎஃப் கோப்புகளிலிருந்து நகலெடுத்தால் இன்றும் ‘` 500’ என்றுதான் வரும். பார்வைக்கு ரூபாய், உள்ளே வேறு எதுவோ.

உருவம் ஒத்த குறிகளிலும் இதே கவனம் வேண்டும். °, º, ˚ மூன்றும் வெவ்வேறு. வெப்பநிலைக்கும் கோணத்துக்கும் உரியது முதலாவது மட்டுமே. மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட், 8 சேர்ந்தால் சரியானது வரும். ஆப்ஷன் 0 தருவது இரண்டாவது. சுழியத்தைச் சிறிதாக்கி மேலே தூக்கிவைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் எண்ணாகிய ௧-க்குப் பதில் ‘க’ அடிப்பதும் இந்த வகைதான்: தாளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, கோப்பில் தேடினால் அகப்படாது.

தமிழ்க் குறிகளுக்கு வருவோம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். இந்த எட்டும் 2003-இல் வந்த யூனிகோடு 4.0 முதல் இருக்கின்றன. எண்கள் வரிசையாக 3059 முதல் 3066 வரை. வேர்டில் ஆல்ட் எண்ணாகவே அடித்து, ஆட்டோகரெக்டில் பதிந்துகொள்ளலாம். ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு ௵ ஆவணி ௴’ என்று பத்திரிகையில் போட இன்றும் கேட்பவர்கள் உண்டு. சில கடைகளில் இவற்றைப் படமாக ஒட்டுகிறார்கள். வேண்டாத வேலை, எழுத்தின் அளவை மாற்றினால் படம் மட்டும் அப்படியே நிற்கும். விண்டோஸ் 8 முதல் உடன்வரும் நிர்மலா எழுத்துருவில் இவை இருக்கின்றன. பழைய கணக்குகளில் வரும் மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் மட்டும் 2019-இல்தான் யூனிகோடு 12.0 வழியாக, தமிழ்க் கூடுதல் தொகுதியில் வந்தன. அவற்றுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவை நிறுவ வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எதிர்முனையில் வெறும் கட்டமாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

₹ போடக் கூடாத இடங்களும் உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும். குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துப் பட்டியலில் ₹ இல்லை. அதை ஒரே ஓரிடத்தில் சேர்த்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகச் சுருங்கிவிடும். வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகச் செய்தி அனுப்புபவருக்கு அது நேரடிச் செலவு. பில் அடிக்கும் சிறு பிரிண்டர்களிலும் ₹ இருக்கும் இடத்தில் கேள்விக்குறி வரக்கூடும், அவற்றின் உள்ளே இருப்பதும் பழைய 256 இடப் பட்டியல்தான். அங்கெல்லாம் Rs. என்ற ஆங்கிலச் சுருக்கத்தைப் போட்டுவிடுங்கள். எக்செலிலும் குறியைக் கையால் அடிக்காமல், எண்ணை மட்டும் அடித்துக் கட்டத்துக்கு நாணய வடிவம் கொடுங்கள். 2½ என்று அடித்த கட்டத்தையும் கூட்டல் சேர்த்துக்கொள்ளாது, 2.5 என்றே அடியுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது வேர்டு கோப்பை அப்படியே அனுப்பாமல், எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அனுப்பும் முன் அதிலிருந்து ₹, ௵ உள்ள வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மற்ற தமிழ் எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம், பிடிஎஃப்பில் அது சகஜம். குறிகள் இரண்டும் அதே குறிகளாக வந்தால் சரி.