ஒரே பெட்டியில் மூன்று வேடம்

கேள்வி: ஐயா, எங்கள் எலுமிச்சை நாற்றுகளில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருந்த புழுக்களை அட்டைப் பெட்டியில் தழை போட்டு வளர்த்தோம். எல்லாம் பச்சைப் புழுவாகி, கூட்டுப்புழுவும் ஆயின. வெளியே வந்ததோ மூன்று விதம். பாதிக்கு மேல் கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. சிலவற்றுக்குப் பின்சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும். ஒன்றுக்கு முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். வேறு பூச்சிகளின் புழுக்கள் கலந்துவிட்டனவா? நாற்றுக்கு மருந்து அடிக்கலாமா?
- வாசகி, தாண்டிக்குடி

பதில்: எதுவும் கலக்கவில்லை அம்மா. மூன்றும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிதான். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே மூன்றும் வந்திருக்கலாம்.

இந்த இனத்தில் ஆண்களுக்கு ஒரே தோற்றம்தான்: கறுப்புச் சிறகு, வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் சிலர் ஆணைப் போலவே இருப்பார்கள். சிலர் ரோசா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சி மாதிரி, அதாவது வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறையுமாக. சிலர் சிவப்புடல் அழகி என்ற இன்னொன்றின் மாதிரி, முன்சிறகில் வெள்ளைப் பட்டையோடு. அந்த இரண்டு அழகிகளும் நஞ்சுள்ளவை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி அந்த நிறத்தின் பக்கம் போகாது. நம் கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது, நிறம் மட்டும்தான். சந்தேகம் வந்தால் சிறகை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். நஞ்சுள்ள இரண்டுக்கும் உடல் சிவப்பாக இருக்கும். வேடம் போட்டவளுக்கு உடல் கறுப்பு. பறக்கும் வேகத்தில் பறவைக்கு இது பிடிபடுவதில்லை.

அறிஞர்களையே திணறடித்த பூச்சி இது. வேறு வேறு இனங்களாகக் கருதப்பட்ட இந்த வகைப் பெண்பூச்சிகள் ஒரே இனத்தின் பல வடிவங்கள்தான் என்று 1865-இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் விளக்கி எழுதினார். 1972-இல் சிரில் கிளார்க்கும் பிலிப் ஷெப்பர்டும் ஆணையும் பெண்ணையும் இணைசேர்த்து வளர்த்துப் பார்த்து, வேடம் முழுவதும் குரோமோசோமின், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழையின், ஒரே இடத்தில் அடங்கியிருக்கிறது என்று காட்டினார்கள். திட்டு, பிறை, நிறம் என்று இத்தனை மாற்றம் ஓரிடத்திலிருந்து வருவதென்றால் பல மரபணுக்கள் நெருக்கமாக ஒட்டிக் கிடக்க வேண்டும் என்றே பலரும் நினைத்தார்கள். 2014-இல் கிருஷ்ணமேக் குண்டே, மார்க்கஸ் குரோன்ஃபோர்ஸ்ட் குழுவினர் கண்டது வேறு. அங்கே வேலை செய்வது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு. பூச்சியின் உடல் ஆணாக வளர வேண்டுமா பெண்ணாக வளர வேண்டுமா என்று வழிகாட்டும் பழைய மரபணு அது; இந்த இனத்தில் சிறகுக்கு வண்ணம் தீட்டும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ரோசா அழகி வேடம் போடுபவளிடம் அந்தக் குரோமோசோம் துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் பகுதிகளை மாற்றிக்கொள்வது அரிது. அதனால் பாதி வேடம், அரைகுறை வேடம் என்று பிள்ளைகள் பிறப்பதில்லை.

எனக்கு இதில் ஆண் விஷயம்தான் இன்றும் வியப்பு. அவனிடமும் அந்த மரபணு இருக்கிறது, சிறகில் காட்டுவதில்லை. தகப்பன் போடாத வேடத்தை மகள் போடுகிறாள். உங்கள் பெட்டியில் மூன்று விதம் வந்ததற்கு அந்தத் தகப்பனுக்கும் பங்கு உண்டு.

மருந்து வேண்டாம் அம்மா. வளர்ந்த மரத்தை இந்தப் புழு ஒன்றும் செய்துவிடாது. இளநாற்றில் இருந்தால் கையால் எடுத்துக் கறிவேப்பிலை மரத்தில் விடுங்கள். தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கவை ஒன்றை நீட்டி நாற்றம் விடும். ஆளை ஒன்றும் செய்யாது.

கேள்வி: வேடம் போட்டால் உயிர் தப்பும் என்றால், எல்லாப் பெண்களும் போட வேண்டியதுதானே?
- கல்லூரி மாணவர், வத்தலக்குண்டு

பதில்: எல்லோரும் போட்டால் வேடம் பலிக்காது தம்பி. நஞ்சுள்ளது குறைந்து போலி பெருகினால், பறவை கொத்துகிற முதல் பூச்சியே ருசியாக இருந்துவிடும். பிறகு அந்த நிறத்துக்கு யார் பயப்படுவார்கள்? ஜப்பானின் தெற்குத் தீவுகளில் எண்ணிப் பார்த்தபோது, ரோசா அழகி அதிகமுள்ள இடங்களில்தான் வேடம் போட்ட பெண்களும் அதிகம் இருந்தன.

ஆக, போலி பிழைக்க அசல் பிழைக்க வேண்டும். அசல் பிழைக்க அதன் கொடி வேண்டும். ரோசா அழகியும் சிவப்புடல் அழகியும் நஞ்சைத் தாமாக உண்டாக்குவதில்லை. ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை போன்றவற்றின் இலையைப் புழுப் பருவத்தில் தின்று உடலில் சேர்த்துக்கொள்கின்றன. தென்னிந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான பொன்னழகியும் இந்தக் குடும்பத்துக் கொடிகளை நம்பித்தான் முட்டை இடுகிறது. பழனிமலை அடிவாரக் காப்பித் தோட்டங்களில் வேலி திருத்தும்போது முதலில் அரிவாளுக்கு இரையாவது இந்தக் கொடிகள்தான். ஒரு வேலி ஓரத்தில் ஈஸ்வரமூலியை வெட்டினால், நஞ்சுள்ள பூச்சி அங்கே முட்டையிட வழியில்லை. அது குறையக் குறைய, எலுமிச்சை மரம் எத்தனை இருந்தாலும் வேடம் போட்டவளுக்குப் பாதுகாப்பு குறையும். தோட்டக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தக் கொடியை விட்டுவையுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாம்புக்கடிக்கு என்று ஈஸ்வரமூலியைக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பறவையை விரட்டும் அதே நஞ்சான அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். பாம்பு கடித்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் பூண்டு வயல் ஓரம், கறுப்புச் சிறகில் செம்பட்டை போட்ட பூச்சி ஒன்று அடிக்கடி உட்காருகிறது. சிம்லாவில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பிய படத்திலும் அதுவே இருக்கிறது. வத்தலக்குண்டில் ஒருநாளும் பார்த்ததில்லையே?
- வாசகர், பூம்பாறை

பதில்: அது வனெசா இண்டிகா என்ற வண்ணத்துப்பூச்சி. இமயமலையில் இருக்கிறது, பிறகு நீலகிரி, பழனி போன்ற நம் உயர்ந்த மலைகளிலும் இலங்கை மலைகளிலும் இருக்கிறது. நடுவில் உள்ள வெப்பமான சமவெளியில் அதற்கு வாழ்வு இல்லை. இதன் புழுக்கள் தொட்டால் அரிக்கும் காஞ்சொறி வகைச் செடிகளைத் தின்னும். வயல் ஓரத்தில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த பனியுகத்தில் தாழ்ந்த இடங்களும் குளிர்ந்திருந்தன. அப்போது தெற்கே பரவி, வெப்பம் ஏறியபோது மலையுச்சிகளில் ஒதுங்கின உயிர்களில் இதுவும் ஒன்று என்பது பொதுவான விளக்கம். அப்படி ஒதுங்கியவற்றில் சில தனி இனமாகவே மாறிவிட்டன. நீலகிரியின் பெயரைத் தாங்கிய கோலியாஸ் நீலகிரியென்சிஸ் என்ற மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக்கு இமயமலையில் உறவினர்கள் உண்டு. அதுவோ தென்னிந்திய மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. உங்கள் மேல்மலைப் புல்வெளிகளில் வெயில் நேரத்தில் தரையை ஒட்டிப் பறக்கும், தேடிப் பாருங்கள்.