சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெரிய மொழி மாடலைச் சுருக்கினால் அதன் அறிவு குறைந்துவிடாதா?

குறையும். ஆனால் எல்லாத் திறமையும் ஒரே அளவில் குறைவதில்லை. அதைக் கவனிக்காமல் "தரம் அப்படியே இருக்கிறது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

700 கோடி பாராமீட்டர், அதாவது மாடல் கற்றதைத் தாங்கும் எண்கள், கொண்ட மாடலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் எண்ணும் 16 பிட் என்றால் மொத்தம் 14 ஜிபி. அதையே 4 பிட்டாக்கினால் 3.5 ஜிபியை ஒட்டி வந்துவிடும். இதுதான் குவாண்டைசேஷன். இதில் வேகமும் கூடும். ஒரு டோக்கன் (ஒரு சொல் அல்லது சொல்லின் துண்டு) எழுத, மாடலின் எல்லா எண்களையும் மெமரியிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். விநாடிக்கு 50 ஜிபி படிக்கும் கணினியில் 14 ஜிபி மாடல் விநாடிக்கு மூன்று, நான்கு டோக்கனைத் தாண்டாது. 3.5 ஜிபி என்றால் 14 வரை போகும்.

சிக்கல் எங்கே வருகிறது? 4 பிட்டில் மொத்தமே 16 மதிப்புகள்தான். 0.02, -0.05, 0.03 போன்ற எண்களுக்கு நடுவே ஒரு 4.0 வந்து உட்கார்ந்தால், அதற்கு இடம் கொடுக்கும் அவசரத்தில் மற்றதெல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். அதனால் எண்களைச் சின்னச் சின்னத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் வைக்கிறார்கள். சேதம் அந்தத் தொகுதியோடு நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

அப்புறம் டிஸ்டிலேஷன்: பெரிய மாடலின் பதில்களைக் காட்டிச் சின்ன மாடலுக்குக் கற்றுக்கொடுப்பது. 2015-இல் ஹின்டன், வின்யால்ஸ், டீன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரைதான் இதைப் பரவலாக்கியது. "வானத்தின் நிறம்" என்று தொடங்கினால், பெரிய மாடல் அடுத்த சொல்லாக "நீலம்" என்று சொல்வதோடு, "சாம்பல்" எவ்வளவு பொருந்தும், "மேசை" ஏன் பொருந்தாது என்பதையும் நிகழ்தகவாகத் தருகிறது. சின்ன மாடல் அந்த முழுப் பட்டியலையும் பார்த்துக் கற்கிறது. 2019-இல் இப்படி உருவான டிஸ்டில்பெர்ட் என்ற மாடல், அதற்குக் கற்றுக்கொடுத்த கூகுளின் பெர்ட் மாடலைவிட 40% சிறியது; மொழிப் புரிதல் திறனில் 97% தக்கவைத்தது. தேவையற்ற இணைப்புகளை வெட்டும் ப்ரூனிங்கும் உண்டு. வெட்டிய பிறகு பெரும்பாலும் மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே மெமரிக்குள் 16 பிட் சின்ன மாடலா, 4 பிட் பெரிய மாடலா என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 3 பிட்டுக்குக் கீழே தரம் சட்டென்று சரிகிறது. லத்தீன் எழுத்தில் எழுதாத மொழிகளுக்கு அடி கூடுதலாக விழுகிறது. தமிழும் அதில் அடக்கம். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணில் இது தெரியாது. எனவே உங்கள் வேலையிலிருந்தே ஐம்பது கேள்விகளைத் தமிழில் எடுத்து, சுருக்கும் முன்பும் பின்பும் கேட்டு, பதில்களை அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.