அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஐயா,

‘ஸ்டார்ட்-அப்’ (2020) கொரியத் தொடரை இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். மறுபடியும் அதே கோபம். சிறுவயதில் தனிமையில் இருந்த டல்-மிக்கு ஆறுதலாக வந்த கடிதங்களை எழுதியவன் ஜி-ப்யோங். அவளுடைய பாட்டி கேட்டுக்கொண்டதற்காக, செய்தித்தாளில் கண்ட நாம் டோ-சான் என்ற பெயரில் எழுதினான். வளர்ந்த பிறகும் அவளுக்காக எவ்வளவோ செய்கிறான். ஆனால் அவள் டோ-சானைத்தான் மணக்கிறாள். தொடர் நாயகிகள் ஏன் எப்போதும் நல்லவனைக் கைவிடுகிறார்கள்? இரண்டு பேருக்கு நடுவே ஊசலாடும் பெண்களைக் காட்டுவது பார்க்கிற இளம்பெண்களைக் கெடுக்காதா? நீங்கள் சில காலம் தொடர்களுக்கு வசனம் எழுதியவர் என்பதால் கேட்கிறேன். முக்கோணக் காதலை நன்றாகக் கையாண்ட தொடர்களின் பட்டியல் ஒன்றும் தந்தால் மகிழ்வேன்.

கி.

*

அன்புள்ள கி.,

இல்லாத ஒருவனுக்காக இரண்டு முறை வருந்தியிருக்கிறீர்கள். அதைக் கேலி செய்யமாட்டேன், நானும் அந்தச் சாதிதான். ஆனால் அந்த வருத்தத்தின் வேகத்தில் ஒரு பெண்ணை விசாரிக்காமலே தண்டித்துவிட்டீர்கள். சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்ததும் இதைப் பற்றித்தான்.

இளம்பெண்கள் கெட்டுப்போவார்களா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். கதை என்ற ஒன்று அச்சேறிய நாளிலிருந்து இதைக் கேட்கிறார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூடத் தான் கெட்டுப்போனதாகச் சொன்னதில்லை.

‘எவ்வளவோ செய்கிறான்’ என்கிறீர்கள். சரி, அதில் எத்தனையை அவள் பார்த்தாள்? அவன் தனியாகக் காரில் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்தீர்கள். அவள் போன பிறகு அவன் முகம் மாறுவதை க்ளோசப்பில் பார்த்தீர்கள். பின்னணியில் ஒரு பியானோ வேறு. டல்-மியின் வாழ்க்கையில் பியானோ இல்லை, க்ளோசப்பும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நடந்ததற்கெல்லாம் அவளிடம் கணக்குக் கேட்கிறீர்கள்.

இன்னொன்றைக் கடிதத்தில் எழுதாமலே விட்டுவிட்டீர்கள். அந்த டோ-சானைத் தேடிப்பிடித்து, அவள் முன் கொண்டுவந்து நிறுத்துவதே ஜி-ப்யோங்தானே? ‘எழுதியது நான்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக இன்னொருவனுக்கு வேடம் போட்டுவிட்டான். பாட்டிக்கு உண்மை தெரியும், ஜி-ப்யோங்குக்குத் தெரியும், டோ-சானுக்குத் தெரியும். திரைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கும் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்தி. அவளைப் பார்த்து ‘ஊசலாடுகிறாள்’ என்கிறீர்கள்!

பாதித் தொடரிலேயே அவளுக்கு உண்மை தெரிந்துவிடுகிறதே என்பீர்கள். தெரிகிறது. அப்போது அவள் கடிதத்துக்கு நன்றி சொல்லலாம். அந்த நன்றியைக் காதலாக மாற்றித் தரச் சொல்லி யாரும் பில் போட முடியாது.

‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடரில் ஜங்-ஹ்வானுக்கு இந்த நியாயம் புரிந்திருந்தது. தான் காதலிக்கும் டியோக்-சன்னைத் தேடிக் காரில் விரைகிறான், வழியெல்லாம் சிவப்பு விளக்கு. போய்ச் சேரும்போது அவளைக் காதலிக்கும் இன்னொருவன், ‘கோ’ பலகை ஆட்டக்காரன் டேக் அங்கே நிற்கிறான், அவன் ஆட்டத்தையே விட்டுவிட்டு வந்தவன். முதலில் விதியையும் நேரத்தையும் நொந்துகொள்ளும் ஜங்-ஹ்வான் பிறகு, தன்னைத் தடுத்தது அந்தச் சிக்னல்கள் அல்ல, தன்னுடைய எண்ணற்ற தயக்கங்கள் என்று தானே ஒப்புக்கொள்கிறான். அவனுக்கே அவள்மேல் கோபமில்லை. ஆனால் 2016 ஜனவரியில் தொடர் முடிந்தபோது அவன் சார்பாகக் கோபித்துக்கொள்ள எத்தனை பேர் கிளம்பினார்கள்! வாதியே வழக்கை வாபஸ் வாங்கிய பிறகும் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

கோவலன் இரண்டு பெண்களுக்கு இடையே போய்வந்தால் ஊழ்வினை என்று சொல்லி ஒரு காப்பியமே பாடுவோம். நடுவில் நிற்பது பெண் என்றால் மட்டும் சபலம்.

நான் வசனம் எழுதிய காலத்தை நினைவூட்டிவிட்டீர்கள். அது ஒரு தினசரித் தொடர், பெயர் வேண்டாம். நாயகிக்கு நிச்சயமாகியிருக்கிறது. உடன் வேலை பார்க்கும் ஒருவன் அவளைக் காதலிக்கிறான், ஒரு கடிதம் எழுதி அவள் கைப்பையில் வைத்துவிடுகிறான். ஒரு வாரத்தில் அவள் அதைப் படிப்பதாகத்தான் முதலில் கதை. ‘இந்த ட்ராக் நன்றாகப் போகிறது, கொஞ்சம் நீட்டுங்கள்’ என்றார்கள். நீட்டினேன். கைப்பையைத் தங்கை எடுத்துப்போனாள். கடிதம் பீரோவுக்கு அடியில் விழுந்தது. மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்தது. மீதிப் பாதியை வேறொருத்தி தனக்கு வந்ததாக நினைத்துக்கொண்டாள். எட்டு வாரம் ஓட்டினேன். அந்த நாட்களில் என் மேசையில் ஒரு தாள் இருக்கும், அதில் ‘இன்று ஏன் படிக்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

அந்தப் பெண்ணாக நடித்தவர் ஒருநாள் படப்பிடிப்பு இடைவேளையில் வந்து கேட்டார்: “சார், அவன் ஒரு மாதிரி இருக்கிறான் என்று இவளுக்குத் தெரிகிறது. நேராகப் போய் என்ன விஷயம் என்று கேட்டால் என்ன?”

“கேட்டால் வெள்ளிக்கிழமையோடு ட்ராக் முடிந்துவிடும் அம்மா.”

அவர் வாதாடவில்லை. தொழில் தெரிந்தவர். சற்று நேரம் வசனத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, அப்படியென்றால் முகத்தில் என்ன காட்டட்டும்?” என்றார்.

“குழப்பம்” என்றேன்.

கி., எட்டு வாரம் அவர் அதைத்தான் காட்டினார், பிரமாதமாகக் காட்டினார். ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ‘உனக்கு மனசாட்சி இல்லையா, அந்தப் பையனை இப்படி அலைய வைக்கிறாயே’ என்று திட்டியிருக்கிறார். மறுநாள் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். அந்தப் பையனாக நடித்தவருக்குச் சட்டைகள் பரிசாக வந்துகொண்டிருந்தன. என்னை யாரும் திட்டவில்லை. வசனகர்த்தாவின் முகம் யாருக்குத் தெரியும்?

இது எங்கள் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்கத் தொடர் ‘ஃபெலிசிட்டி’ (1998-2002) நான்கு ஆண்டுகள் பென்னா நோயலா என்றே ஓடியது. நாயகி பட்டம் வாங்கி, கதையும் முடிவுக்கு வந்த இடத்தில் சேனல் இன்னும் 5 எபிசோடு கேட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? மந்திரம் போட்டு அவளைக் கடந்த காலத்துக்கு அனுப்பி, இந்த முறை நோயலைத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். பீரோவுக்கு அடியில் கடிதத்தைத் தள்ளியவன் நான், காலத்தையே பின்னால் தள்ளியவர்களைப் பார்த்ததும் மனம் லேசானது. இன்னொரு அமெரிக்கத் தொடரான ‘டாசன்ஸ் க்ரீக்’ இறுதிப் பகுதியை (2003) எழுதிய கெவின் வில்லியம்சன், நாயகி ஜோயியை டாசனுக்கே கொடுப்பதாகத் தொடங்கி, எழுதிக்கொண்டிருக்கும்போதே மனம் மாறி, அவன் நண்பன் பேஸிக்குக் கொடுத்தார். ஆறு சீசன் மனத்தை மாற்றிக்கொண்டிருந்தவள் ஜோயி என்று பெயர். கடைசி நிமிடத்தில் மாற்றியவர் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

நீங்கள் கேட்டது வேறு, தெரிகிறது. பட்டியல் தரப்போவதில்லை. இரண்டு முறை பார்த்ததையே நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாம் முறை பார்ப்பீர்கள், உங்களைப் போன்றவர்களை எனக்குத் தெரியும். அப்போது ஜி-ப்யோங் தனியாக வரும் காட்சிகளையெல்லாம் ஓட்டிவிடுங்கள். பாட்டியும் அவனும் ரகசியமாகப் பேசுவதையும் ஓட்டிவிடுங்கள். டல்-மி இருக்கும் காட்சிகளை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் கோபம் மிச்சமிருந்தால் எழுதுங்கள்.