மனசுக்குள் பேச்சு நிற்கவில்லையா?

வணக்கம் நண்பரே. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் அவருடைய சமாதி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் உள்ளே பேச்சு ஓடுகிறது, வீட்டில் அம்மா சொல்லி முடிப்பதற்குள் பதில் தயாராகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால், பழக ஆரம்பிக்க சமாதி தோதான இடமே இல்லை. அங்கே காதுக்கு வேலை குறைவு. வேலை இல்லாத மனசு தானாகப் பேசத்தான் செய்யும்.

சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலைக்குப் போங்கள். பாறையில் அலை மோதும் சத்தத்தைக் கேளுங்கள். நாக்கையும் தாடையையும் தளர விடுங்கள். இது முக்கியம். மனசுக்குள் பேசும்போது நாக்கும் தொண்டையும் நமக்கே தெரியாமல் லேசாக அசைவதுண்டு. அவை தளர்ந்தால் பேச்சும் கொஞ்சம் மங்கும். அப்புறம், பக்கத்தில் யாராவது பிரெஞ்சிலோ வங்காளத்திலோ பேசினால் (நம்ம ஊரில் அதற்குப் பஞ்சமா!) குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனியுங்கள். புரியாத பேச்சுக்குப் பதில் தயாரிக்க முடியாதே.

அதே காதோடு அம்மாவிடம் உட்காருங்கள். அவர் முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசுங்கள்.

எண்ணம் வந்தால் அதோடு வாதம் பண்ண வேண்டாம். அரவிந்தர் 1908இல் பரோடாவில் லேலே என்ற யோகி சொன்னபடி, எண்ணங்கள் வெளியிலிருந்து வருவதைப் பார்த்து, நுழையும் முன்பே தள்ளி, மூன்று நாளில் மனதை அமைதியாக்கினார். சரி, அந்தக் கணக்கு நமக்கு ஆகாது. முதலில் பத்து நொடி கிடைக்கிறதா பாருங்கள்.