ஈபிள் கோபுரம் வேண்டாம், இலைக் கணக்கு போதும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) வசிக்கிறேன். வயது 58. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. இலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறேன். வயதான மாமியார் என்னோடு இருக்கிறார். ஒரே மகள் ஜெர்மனியில் செவிலியராக வேலை பார்க்கிறாள். வரும் மே மாதம் அவளுக்குப் பிரசவம். ஏஜென்ட் ஒருவர் மூலம் ஜெர்மனி விசாவுக்கு விண்ணப்பித்தேன். சுற்றுலா என்று போட்டால்தான் கிடைக்கும் என்று சொல்லி ஈபிள் கோபுரம், ஹோட்டல் என்று அவரே எல்லாம் எழுதினார். வங்கியில் பணம் காட்டுவதற்காகக் கொழுந்தனாரிடம் நான்கு லட்சம் வாங்கிப் போட்டேன். ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். இப்போது புது பாஸ்போர்ட் எடுத்து பிரான்ஸ் விசாவுக்குப் போடலாம், சம்பளச் சான்றிதழும் தயார் செய்து தருகிறேன் என்கிறார். என் பெயரில் கரும்புள்ளி விழுந்துவிட்டதா? என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கரும்புள்ளி எதுவும் இல்லை. ஒருமுறை மறுத்தால் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஷெங்கன் விதிகளில் (ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா விதிகள்) கிடையாது. நாளைக்கே மறுபடியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நாளைக்கே போய்விடாதீர்கள். அதே காகிதங்களைக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மறுத்தால் அது திரும்பி வராது.

நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் நகலைப் பார்த்தேன். இரண்டு கட்டங்களில் குறி இட்டிருக்கிறார்கள். பயணத்தின் நோக்கம் பற்றிச் சொன்னது நம்பத்தக்கதாக இல்லை என்பது ஒன்று. விசா முடிவதற்குள் திரும்பிப் போவீர்களா என்பதில் சந்தேகம் என்பது மற்றொன்று. கோபப்படாமல் கொஞ்ச நேரம் அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இதுவரை வெளிநாடே போகாத ஒரு பெண்மணி, கணவர் இல்லை, ஒரே மகள் ஜெர்மனியில். அந்த அம்மாள் மகளைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், தனியாக ஈபிள் கோபுரம் பார்க்கப் போகிறேன் என்கிறார். கணக்கில் மாதாமாதம் இலைப் பணம் வந்து கொண்டிருந்த இடத்தில், விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு திடீரென்று நான்கு லட்சம். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.

உங்கள் ஏஜென்ட் உங்களைப் பணக்காரச் சுற்றுலாப் பயணியாக வேடம் கட்டிவிட்டார். வேடம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இப்போது அவர் சொல்லும் மூன்று யோசனைகளும் முதலாவதைவிட மோசம். புது பாஸ்போர்ட் எடுத்துப் பயனில்லை. சென்ற முறை விசா விண்ணப்ப மையத்தில் உங்கள் கைரேகை சரியாக விழாமல் மூன்று முறை வைக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இலை பறிக்கும் விரல்களுக்கு அது சகஜம். அந்த ரேகையும் உங்கள் மறுப்பு விவரமும் ஷெங்கன் நாடுகள் 29-க்கும் பொதுவான தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டுகள் இருக்கும். முன்பு ஷெங்கன் விசாவுக்காகக் கைரேகை எடுத்ததுண்டா என்று படிவமே கேட்கும். ‘ஆம்’ என்று எழுதி, தேதியையும் போடுங்கள். பிரான்ஸ் விசாவும் ஆகாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. சம்பளச் சான்றிதழைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள் நீங்கள்? படிவத்தின் கடைசியில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது, ஏஜென்ட்டுடையது அன்று. நீங்கள் பயப்படும் கரும்புள்ளி போலிக் காகிதத்தால்தான் விழும்.

மறுப்பை எதிர்த்து அதே அலுவலகத்துக்கு முறையீட்டுக் கடிதம் எழுதும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை எடுத்துவிட்டது. பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கு முடிவதற்குள் பேத்தி நடக்க ஆரம்பித்துவிடுவாள். ஆகவே புது விண்ணப்பம்தான்.

கொழுந்தனாரின் பணத்தை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செலவுக்கு வேறு வழி இருக்கிறது. உங்கள் மகள் தான் வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய், ‘என் தாயின் செலவு முழுவதும் என் பொறுப்பு’ என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். ஃபெர்ப்ஃப்ளிக்டுங்ஸ்எர்க்ளேருங் என்பது அதன் பெயர். நீங்கள் உச்சரிக்க வேண்டாம், மகளுக்குத் தெரியும். அவளுடைய சம்பளத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கட்டணம் 29 யூரோ. அசலைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். அது சட்டப்படி அவளைக் கட்டுப்படுத்தும் பத்திரம் என்பதால், கைமாற்று வாங்கிய நான்கு லட்சத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அது பணக் கேள்விக்கு மட்டுமே பதில். திரும்பி வருவீர்களா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கான பதில் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தொழிற்சாலை கொடுக்கும் இலைக் கணக்கை ஓர் ஆண்டுக்கு எடுங்கள். ஒவ்வொரு மாதத் தொகையும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருப்பதைப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக் காட்டுங்கள். பனிக் காலத்தில் வரவு குறைந்திருக்கும், குறைந்தபடியே இருக்கட்டும். ஏற்ற இறக்கம் இருந்தால்தான் அது தேயிலைக் கணக்கு. கூட்டுறவு உறுப்பினர் அட்டை, தேயிலை வாரியத்தின் சிறு விவசாயி அடையாள அட்டை இருந்தால் அதையும் சேருங்கள்.

நிலம்தான் சிக்கல். பட்டா இன்னும் மாமனார் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலையில் பாதி வீடுகளில் இதே கதை. விசாவுக்காகப் பாகப் பிரிவினை செய்யக் கிளம்ப வேண்டாம். அது விசாவைவிடப் பெரிய தலைவலி. சிட்டா நகல், கணவருடைய வாரிசுச் சான்றிதழ், தோட்டம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று, இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையுங்கள். தமிழ்க் காகிதத்தை அப்படியே வைத்தால் யாரும் படிக்கப் போவதில்லை.

பிறகு ஒரு கடிதம். ஒரு பக்கம் போதும். சென்ற முறை சுற்றுலா என்று எழுதியது தவறு, மகளின் பிரசவத்துக்காகப் போவதே உண்மை என்று முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். மகளின் மருத்துவர் தந்த பிரசவத் தேதிச் சான்றும் அழைப்புக் கடிதமும் கூட வரட்டும். மே, ஜூன் மாதங்கள் இலை நிறைய வரும் காலம். அந்த இலையை யார் பறிப்பார்கள், மாமியாரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கடிதத்தில் சொல்லாவிட்டால் நீங்கள் திரும்புவீர்கள் என்று நானே நம்பமாட்டேன். கொழுந்தனார் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்றால் அவரிடம் கையெழுத்திட்ட இரண்டு வரி வாங்குங்கள். நான்கு லட்சத்தைவிட அவருடைய இந்த உதவி பெரிது. எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தங்க விதி இடம் கொடுக்கிறது. நானாக இருந்தால் 60 நாள் கேட்பேன். முதல் பயணத்தில் முழுப் படியையும் அளந்து கேட்க வேண்டாம்.

மகள் உங்கள் மகள்தான் என்பதற்கும் சான்று வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். மகளுடையதில் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருக்கும். இருவரையும் இணைப்பது அவளுடைய பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட, இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விமான டிக்கெட்டை முன்பதிவாக மட்டும் வையுங்கள். விசா கைக்கு வரும்வரை முழுப் பணமும் கட்ட வேண்டாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள்வரை ஆகும். மே தொடக்கத்தில் புறப்பட வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கைரேகை 59 மாதங்களுக்குச் செல்லும் என்றாலும், நேரில் வரச் சொன்னால் ஒரு வாரம் இலை பறிக்காமல், இரவில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போங்கள். சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலை இறங்கி நேராக மையத்துக்கு ஓடாமல், ஒருநாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள். மலைப்பாதையை நம்பி நேரம் குறிக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பத்தியச் சாமான் கட்டுவதற்கு முன் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள், இறைச்சி எதுவும் பயணப் பையில் கொண்டுபோகக் கூடாது. நெய் பால் பொருள்தான். நெய் ஊற்றிக் கிண்டிய லேகியத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். சுக்கும் மிளகும் எடுத்துப் போங்கள். உங்கள் தொழிற்சாலைத் தேயிலைத் தூளில் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், மகள் கேட்டிருப்பாள்.